கொன்றும் குறையாத கூட்டம்

மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில் வழியாகத் தொண்டிக் கடற்கரையை நோக்கி வரும் நெடுஞ்சாலையில், கடலை எட்டுவதற்குச் சற்று முன்னதாக அமைந்திருக்கும் ஊர் திருவாடானை. இருள் பிரியாத வேளையில் ஸுபுஹுத் தொழுகைக்குப் புறப்படும் முதியவர் கையில் ஒரு கம்பு இருக்கும். ஊன்றி நடப்பதற்காக மட்டும் அவர் அதை எடுத்துச் செல்வதில்லை. கறிக்கடை முனையில் கூடி நிற்கும் நாய்களுக்காகவும்தான். காலையில் ஓதப் போகும் சிறார்களைத் தாய்மார்கள் தனியே அனுப்பத் தயங்குகிறார்கள். இரவில் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்த நாய்கள் குட்டிகளைக் கடித்துக் குதறிவிட்டன என்று கண்கலங்கி நிற்கும் ஏழைகளை இம்மாவட்டத்துச் சிற்றூர்களில் பார்க்கலாம். இக்காட்சிகள் திருவாடானைக்கு மட்டும் உரியவை அல்ல. தமிழகத்தின் எந்தப் பேரூருக்கும் இவை பொருந்தும்.

இந்நிலை முற்றும்போது ஊரில் இரண்டு குரல்கள் எழும். ஒன்று, “எல்லாவற்றையும் அடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது” என்னும். மற்றொன்று, “வாயில்லாப் பிராணிகள், பாவம், விட்டுவிடுங்கள்” என்னும். முன்னது கோபத்தின் குரல். பின்னது இரக்கத்தின் குரல். இரண்டில் எது சரி என்று வாதாடுவதைவிட, வரலாறு என்ன சொல்கிறது என்று கேட்பது நலம். ஏனெனில் இந்த வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. மதீனாவில் எழுந்தது, பம்பாயில் எழுந்தது, இஸ்தான்புல்லில் எழுந்தது, நம் சென்னையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்தது.

மதீனாவில் நடந்தது

மதீனாவில் ஒரு கட்டத்தில் நாய்களைக் கொன்றுவிடுமாறு கட்டளை பிறந்தது என்பதும், பின்னர் அக்கட்டளை விலக்கப்பட்டது என்பதும் ஸஹீஹ் முஸ்லிம் முதலிய ஹதீது நூல்களில் பதிவாகியுள்ள செய்திகள். வேட்டைக்கும், ஆட்டு மந்தைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள இசைவு அளிக்கப்பட்டது. நாய்களும் இறைவன் படைத்த சமுதாயங்களுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சுட்டிக் காட்டியதாக அபூதாவூதும் திர்மிதீயும் பதிவு செய்துள்ளனர். பூமியில் நடமாடும் உயிர்களும் சிறகடித்துப் பறப்பவையும் மனிதரைப் போன்றே சமுதாயங்கள்தாம் என்னும் கருத்து திருமறையின் ஆறாம் அத்தியாயத்திலும் இடம்பெற்றிருக்கிறது.

நாயின் உமிழ்நீர் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும் என்று படித்த நாம், அப்பிராணியே வெறுக்கத்தக்கது என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் தூய்மை பற்றிய சட்டம் வேறு. உயிரிடம் காட்ட வேண்டிய நீதி வேறு. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவர் மன்னிப்புப் பெற்றதாகவும், பூனையைக் கட்டிப் போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண் தண்டனைக்கு ஆளானதாகவும் அறிவிக்கும் ஹதீதுகள் நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

மற்றொரு நிகழ்ச்சியும் சிந்திக்கத்தக்கது. அபூகதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா ஒளுச் செய்ய நீர் வார்த்து வைத்தார். பூனையொன்று வந்தது. அதனைத் துரத்தாமல், அது குடிக்க வாகாகப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார் அந்தத் தோழர். மருமகள் வியந்து நோக்கியபோது, பூனை நம்மிடையே சுற்றித் திரியும் பிராணி, அசுத்தமானதன்று என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னார். நம் வீடுகளில் பூனைக்குக் கிடைத்திருக்கும் இடம் அங்கிருந்து வந்ததேயாகும்.

பம்பாயும் இஸ்தான்புல்லும்

இனி அண்மை வரலாற்றுக்கு வருவோம். பம்பாயை ஆண்ட ஆங்கிலேயர் தெருநாய்களைக் கொல்வதற்குத் தலைக்கு எட்டணா வீதம் பரிசு அறிவித்திருந்தனர். காசுக்கு ஆசைப்பட்ட நாய்பிடிப்போர் தெருநாய் எது, வீட்டு நாய் எது என்று பார்க்கவில்லை. வீட்டு வாசலில் கிடந்தவற்றையும் பிடித்துச் சென்றனர். நாயைப் புனிதமாகக் கருதும் பார்சி மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1832ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடைகள் அடைக்கப்பட்டன; கலகம் மூண்டது; வேறு சமூகத்தாரும் அதில் சேர்ந்துகொண்டார்கள். உயிருக்கு விலை வைத்து ஊரைத் துப்புரவு செய்ய நினைத்த ஆட்சியாளர் ஊரின் அமைதியை இழந்தனர். பம்பாயில் தெருநாய் குறையவும் இல்லை.

இஸ்தான்புல்லின் கதை இதைவிடக் கொடியது. உதுமானியத் தலைநகரில் ஒவ்வொரு மஹல்லாவுக்கும் அதற்குரிய நாய்கள் இருந்தன. கறிக்கடைக்காரர் மிச்சம் போடுவார். நாய்களுக்கு உணவளிக்கவென்றே அறக்கொடை விட்டுச் சென்றவர்களும் உண்டு. ஐரோப்பிய நகரங்களைப் போல் தங்கள் நகரமும் விளங்க வேண்டும் என்று விரும்பிய புதிய ஆட்சியாளர், 1910இல் நாய்களைப் பிடித்துப் படகேற்றி, மர்மராக் கடலிலுள்ள நீரும் நிழலுமற்ற ஒரு பாறைத் தீவில் கொண்டுபோய் விட்டனர். அவற்றின் தொகையை எண்பதாயிரம் வரை கணக்கிடுவோர் உண்டு. பசியாலும் தாகத்தாலும் ஒன்றையொன்று தின்று அவை மடிந்தன. அவற்றின் ஓலம் காற்றில் மிதந்து கரைக்கு வந்ததாம். அடுத்த ஆண்டுகளில் பால்கன் போரில் தோல்வி நேர்ந்தபோது, அந்தப் பாவம்தான் நம்மைச் சூழ்ந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

பாவம் ஒருபுறம் இருக்கட்டும்; பயனாவது கிட்டியதா? இரண்டே ஆண்டுகள் கழித்து 1912இல் நகரத் தலைவராக வந்த மருத்துவர் ஜெமீல் தொபுஸ்லு, தாம் பதவியேற்றபோது நகரில் ஏறத்தாழ முப்பதாயிரம் நாய்கள் இருந்தன என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார். இன்றைக்கும் இஸ்தான்புல் வீதிகளில் நாய்கள் உண்டு. அவற்றை என்ன செய்வது என்று 2024ஆம் ஆண்டிலும் துருக்கி நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக்கொண்டிருந்தது.

அதே நகரம் உலகுக்கு இன்னொரு வழியையும் காட்டியது. 1885 ஜூலையில் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்னும் சிறுவனுக்குத் தாம் கண்டுபிடித்த தடுப்பு மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். செய்தி எட்டியதும், சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1886இல் மூன்று அறிஞர்களைப் பாரிஸுக்கு அனுப்பினார். பாஸ்டரின் ஆய்வு நிலையத்துக்குப் பத்தாயிரம் பிராங்கு நன்கொடையும் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்த அக்குழுவினர் 1887இல் இஸ்தான்புல்லில் வெறிநாய்க்கடி மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார்கள். கீழை நாடுகளில் எழுந்த முதல் நிலையங்களுள் அது ஒன்று. பாஸ்டரைத் தேடிப் போன அறிவும், பாறைத் தீவுக்குப் படகு விட்ட ஆத்திரமும் ஒரே நகரத்துக்கு உரியவை. அவற்றுள் மனித உயிர்களைக் காத்தது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குன்னூரிலிருந்து சென்னைக்கு

அந்த அறிவு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. 1900இல் கசௌலியிலும், 1907இல் நீலகிரிக் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் தோன்றின. தொடக்கக் காலத்தில் கடிபட்டவர் அங்கேயே போய்த் தங்கி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கீழைக் கடலோரத்தில் கடிபட்ட ஓர் ஏழைக்குக் குன்னூர் எத்தனை தொலைவு! பின்னர், 1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் உருவாக்கிய ஆட்டு மூளை மருந்து மருத்துவமனைகளுக்குப் பரவியது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் நடுங்கியது அதை நினைத்துத்தான். அம்மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004ஆம் ஆண்டோடு நின்றது. இப்போது தோளில் போடும் சில ஊசிகளே போதும்.

நோய்க்கு மருந்து கிடைத்த பின்னும், நாய்களைப் பொறுத்தவரை கொலையே கொள்கையாக நீடித்தது. சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறை 1860இல் தொடங்கியது. 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூகிராஸ் அமைப்பினர், 1964இல் மாநகராட்சியின் பழைய கணக்குகளை எடுத்து ஆராய்ந்தனர். நூறாண்டு கொன்றும் நாய்கள் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை, கொல்லப்பட்ட நாய்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. எழுபதுகளின் தொடக்கத்தில் நாய்த்தோல் அவ்வளவு மலிவாகக் குவிந்ததால், அதைக் கொண்டு கழுத்துப்பட்டியும் பணப்பையும் செய்ய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் முயன்றதாக அவ்வமைப்பின் தலைவர்களுள் ஒருவரான டாக்டர் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். தொண்ணூறுகளின் நடுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 135 நாய்கள் வரை கொல்லப்பட்டன என்பதும் அவர் தரும் கணக்கே.

கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று 1964இலிருந்தே அவர்கள் கேட்டு வந்தார்கள். அக்கோரிக்கை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏற்கப்படவில்லை. 1996இல்தான் மாநகராட்சி இசைந்தது. 136 ஆண்டுகள் நடந்த கொலை அவ்வாறு முடிவுக்கு வந்தது. 1996இல் சென்னையில் வெறிநாய்க்கடியால் மாண்டவர் 120 பேர் என்றும், பத்தாண்டுக்குள் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது என்றும் அவ்வமைப்பினர் கணக்குக் காட்டுகிறார்கள். கடிபட்டவருக்கு நல்ல ஊசி எளிதில் கிடைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் 136 ஆண்டுக் கொலையால் வராத மாற்றம் அந்தப் பத்தாண்டில் வந்தது என்பதையும் மறுக்க முடியாது.

ஏன் குறைவதில்லை?

கொன்றால் எண்ணிக்கை குறையும் என்பது பார்வைக்கு எளிய கணக்கு. அது பொய்ப்பது எவ்வாறு? ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழலாம் என்பதை அத்தெருவில் கிடக்கும் உணவே தீர்மானிக்கிறது. பத்து நாய்களுக்குத் தீனி கிடக்கும் இடத்தில் எட்டைக் கொன்றால், மிஞ்சிய இரண்டின் குட்டிகள் முன்னைவிட நன்றாகத் தின்று பிழைக்கும். நாயின் கருக்காலம் இரண்டே மாதம். ஓர் ஈற்றில் நான்கும் ஆறும் போடும். அடுத்த தெரு நாய்களும் காலியான இடத்தைப் பிடிக்க வரும். அப்படி வருபவை புதியவை, தடுப்பூசி காணாதவை, இடத்துக்காகச் சண்டையிடுபவை. ஆகவே கொலைக்குப் பின் கடி கூடவும் செய்யும்.

அறுவையும் ஊசியும் பெற்ற நாய் தன் தெருவைக் காத்துக்கொண்டு கிடக்கிறது. அது குட்டி போடுவதில்லை; புதிய நாயை உள்ளே விடுவதுமில்லை. குட்டியைக் காக்க வேண்டிய வெறி இல்லாததால் சீற்றமும் தணிகிறது. ஓர் ஊர் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. நாய்களை அகற்றிக் கொல்வதால் அவற்றின் பெருக்கமோ நோயின் பரவலோ குறிப்பிடத்தக்க அளவில் குறைந்ததற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 1992இல் அறிக்கை தந்தது.

நம் தொண்டித் துறையிலிருந்து ஒரு காலத்தில் தோணிகள் சென்று வந்த இலங்கையைப் பாருங்கள். அங்கே 1973இல் வெறிநாய்க்கடியால் 377 பேர் மாண்டார்கள். நாய்களுக்குத் தடுப்பூசியும் மனிதருக்கு மருத்துவமும் பரவப் பரவ அத்தொகை சரிந்தது. 2006இல் நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அந்நாடு ஏற்றது. அதன் பிறகும் சாவு கூடவில்லை. 2010க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஐம்பதுக்கும் கீழேயே இருந்து வந்தது. கோவா மாநிலத்தில் 2013 முதல் தெருத்தெருவாக நாய்களுக்கு ஊசி போட்டார்கள். 2018இலிருந்து மூன்றாண்டுகள் ஒரு மனிதச் சாவும் பதிவாகாத நிலையில், 2021இல் அது வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மார்க்கம் இடம் தருமா?

இங்கே நம்மவர் உள்ளத்தில் ஒரு வினா எழும். இறைவன் படைத்த உயிரின் இனப்பெருக்கத்தை அறுவை செய்து நிறுத்துவது கூடுமா? நியாயமான வினாதான். பழைய ஃபிக்ஹு அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. கீழைக் கடலோரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள், உண்ணத்தகாத பிராணிகளின் ஆண்மையை நீக்குவதை விலக்கின. ஹனஃபீ அறிஞர்கள் பயன் கருதினால் கூடும் என்றனர். ஆனால் மயக்க மருந்தும் கிருமிநாசினியும் இல்லாத காலத்தில் அது கொடிய வேதனை தரும் செயலாக இருந்தது என்பதையும் எண்ண வேண்டும். நம் மத்ஹபையே பின்பற்றும் மலேசியாவில், தேசிய ஃபத்வா மன்றம் 2002இல் இவ்வினாவை எடுத்து ஆராய்ந்து, பொது நலனுக்காகவும் தீங்கைத் தவிர்ப்பதற்காகவும் பூனைக்கும் நாய்க்கும் கருத்தடை செய்வது கூடும் என்று முடிவு கூறியது. கொல்வதும் பட்டினியில் சாகவிடுவதும் ஒரு தட்டிலும், வலியறியாமல் செய்யும் அறுவை மறு தட்டிலும் நிற்கும்போது, எது சிறிய தீங்கு என்பது தெளிவு. ஐயமுள்ளவர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

இதைக் குறிப்பாகப் பூனை வளர்க்கும் இல்லங்களை நோக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயைக் கண்டால் ஒதுங்கும் நாம், பூனையை மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம். அது ஈன்ற ஐந்து குட்டிகளை என்ன செய்கிறோம்? சாக்கில் போட்டு மீன் சந்தையிலும் குளக்கரையிலும் விட்டுவிட்டு வருகிறோம். கண் முழுதும் திறவாத அக்குட்டிகள் வண்டிச் சக்கரத்திலும் நாயின் வாயிலும் மாய்கின்றன. பட்டினியில் விட்ட பெண்ணின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த கையே அந்தச் சாக்கைக் கட்டுகிறது! ஆண்டுக்கு இரண்டு முறை இப்பாவத்தைச் செய்வதைவிட, ஒரு முறை கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்று அறுவை செய்துவிடுவதே இரக்கம்.

நம் கையில் உள்ளது

அரசு என்ன சொல்கிறது? 2001இல் மத்திய அரசு வகுத்த நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் செய்து மீண்டும் அதே இடத்தில் விடுவதைச் சட்டமாக்கின. அவற்றுக்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகள், அப்பொறுப்பை உள்ளாட்சிகளின் மேல் சுமத்தின. 2025 ஆகஸ்டு 11இல் தில்லித் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாட்டில் பெரும் வாதம் மூண்டது. ஆகஸ்டு 22இல் பெரிய அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் சீற்றம் மிக்கவையும் நீங்க, மற்றவற்றை அறுவையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடுமாறு கூறியது. கண்ட இடத்தில் தீனி போடாமல் அதற்கென்று இடம் ஒதுக்கவும் பணித்தது. நவம்பர் 7இல், பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றிக் காப்பகத்தில் வைக்க ஆணை பிறந்தது. குழந்தையின் பாதுகாப்பும் உயிரின் உரிமையும் ஒரே தராசில் வைத்து நிறுக்கப்படுவதை இதில் காண்கிறோம்.

ஆணைகள் தலைநகரில் பிறந்துவிடும். திருவாடானை போன்ற ஊருக்கு அவை வந்து சேர்வது ஊரார் கேட்கும்போதுதான். நூறு நாய்களுக்கு ஊசி போட வேண்டும், அறுவைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஜமாஅத்தும் பிற சமுதாயத்தாரும் சேர்ந்து உள்ளாட்சியிடமும் கால்நடைத் துறையிடமும் மனுக் கொடுக்கலாம். நஞ்சு வைக்கச் செலவிடும் பணத்தைவிட அது வீணாகாத பணம்.

அதற்கு முன், மனுக் கொடுக்காமலே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தெருவின் உணவே தெருவின் நாய்களைத் தீர்மானிக்கிறது என்று கண்டோம். அந்த உணவைப் போடுவது யார்? வலிமா விருந்தின் எச்சில் சோற்றைச் சந்து முனையில் கொட்டுகிறோம். குர்பானி நாளில் குடலையும் எலும்பையும் ஆழப் புதைக்காமல் மேலாக மண்ணைத் தள்ளிவிட்டு வருகிறோம். கறிக்கடைக் கழிவும் மீன் செதிளும் சாக்கடை ஓரத்தில் கிடக்கின்றன. நாய்களை ஊருக்குள் அழைத்துவிட்டு, பிறகு ஏன் வந்தாய் என்று கல்லெறிவது என்ன நீதி? இரண்டு முழம் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தால் நாய்க்கூட்டம் தானே கலையும்.

ஒரு செய்தியை ஒவ்வொரு வீட்டிலும் எழுதி ஒட்டி வைக்கலாம். நாயோ பூனையோ கடித்தாலும் கீறினாலும், உடனே சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. நேரே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சொன்ன நாட்களில் தவறாமல் போய் முடிக்க வேண்டும். நோய் வெளிப்பட்டுவிட்டால் மருந்தில்லை. வெளிப்படுவதற்கு முன் ஏறக்குறைய முழுமையாகத் தடுத்துவிடலாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பத்துக்கு நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

தொடக்கத்தில் கேட்ட இரு குரல்களுக்கும் வரலாறு இவ்வாறு விடை தருகிறது. கோபத்தின் குரல் சென்னையில் 136 ஆண்டுகள் சோதித்துப் பார்க்கப்பட்டுத் தோற்றது. விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடும் இரக்கமும் கடிபட்ட பிள்ளையைக் காக்கவில்லை. அபூகதாதா (ரலி) அவர்கள் பூனையைப் பார்த்துப் பரிதாபப்பட்டதோடு நின்றுவிடவில்லை. கையை நீட்டிப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். ஊசியும் அறுவையும் ஆழமான குழியும் இன்று நாம் சாய்த்துப் பிடிக்க வேண்டிய பாத்திரங்கள். அவற்றை நாம் செய்து முடித்தால், ஸுபுஹுக்குச் செல்லும் முதியவர் கம்பை ஊன்றி நடப்பதற்காக மட்டும் எடுத்துச் செல்லும் நாள் வரும்.